லெதர் மாஸ்க் செய்யணுமா? முதல்ல பைபர் கிளாஸ் ஓடு போடுங்க

நிறைய பேர் லெதரை முக வடிவத்துக்கு இழுத்து காயவச்சுட்டு அப்புறமா உள்பக்கம் ரெசின் (இறுகி கெட்டியாகிற பிசின்) பூசுறாங்க. நானும் மொத மாஸ்க்கை அப்படித்தான் பண்ணேன், வெளிய காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் லெதருக்குள்ள ஈரம் மிச்சம் இருந்திருக்கு, ரெண்டே நாள்ல ஓடு தனியா தோல் தனியா உரிஞ்சு வந்துருச்சு. அதனால ஓடு முதல்ல, தோல் அப்புறம்.

தெர்மோகோல் தலை ஒண்ணு எடுத்து அது மேல களிமண்ணால முகத்தை செய்யுங்க. உங்க முகத்தை விட சுத்தி அரை சென்டிமீட்டர் பெருசா இருக்கட்டும், உள்ள ஸ்பாஞ்ச் ஒட்ட இடம் வேணும்ல. மூக்கு, புருவம் எல்லாம் கொஞ்சம் தூக்கலாவே செய்யுங்க, மேல லெதர் வந்தா நுணுக்கம் எல்லாம் மழுங்கிடும். அப்புறம் க்ளிங் ஃபிலிம் (சாப்பாடு மூடுற மெல்லிய ப்ளாஸ்டிக்) சுத்துங்க. சுருக்கம் விழுந்தா பரவால்ல, அது உள்பக்கம்தானே.

ரெசின்ல நான் எபாக்சிதான் சொல்வேன். பாலியெஸ்டர் ரெசின் வாடை தாங்காது, தெர்மோகோல்ல பட்டா அதை கரைச்சே விட்டுடும். ஹார்ட்னரை (ரெசினை இறுக வைக்கிற திரவம்) டப்பால போட்டிருக்கிற அளவுப்படி தராசு வச்சு எடை போட்டு கலக்குங்க, சீக்கிரம் இறுகட்டும்னு கூட ஊத்தினா கடைசி வரைக்கும் பிசுபிசுன்னுதான் இருக்கும். ஒரே கப்புல நிறைய கலந்தா சூடேறி புகையே வந்துடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க. 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) பைபர் கிளாஸ் துணியை துண்டு துண்டா வெட்டி, ரெசின்ல நனைச்சு க்ளிங் ஃபிலிம் மேல 4 லேயர் போடுங்க, மூக்கு ஓரத்துல சின்ன துண்டா இருந்தாதான் படியும். நைட்ரைல் க்ளவுஸ், கண்ணாடி, நல்ல காத்தோட்டம் கட்டாயம். சாண்ட்பேப்பர் போடும்போது ஈரமா தேய்ங்க, தூசி மாஸ்க்கும் போடுங்க, அந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஓடு ஒரு நாள் முழுக்க இறுகினதும் அதை களிமண் முகத்துல இருந்து கழட்டி, மேல பிசுக்கு இருந்தா தண்ணில கழுவி, கண் ஓட்டை வெட்டி, வெளிப்பக்கத்தை 80 நம்பர் பேப்பர்ல சொரசொரப்பாக்கிடுங்க.

இப்போ லெதர். வெஜிடபிள் டான் (தாவரச் சாறுல பதப்படுத்தின) லெதர், 2 மில்லிமீட்டர் போதும், க்ரோம் டான் (குரோமியம் உப்புல பதப்படுத்தினது) வாங்கிடாதீங்க, அது வடிவம் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணில போட்டா குமிழியா வரும், குமிழி நின்னதும் எடுத்து ரெண்டு மணி நேரம் ப்ளாஸ்டிக் கவர்ல சுத்தி வைங்க. கொதிக்கிற தண்ணி கூடவே கூடாது, தோல் சுருங்கி கட்டையாயிடும். ஓட்டு மேல விரிச்சு மூக்குல ஆரம்பிச்சு வெளிய நோக்கி கட்டை விரலால அழுத்திக்கிட்டே வாங்க. நகத்தை முன்னாடியே ஒட்ட வெட்டிக்கோங்க, ஈரத் தோல்ல ஒரு பிறை மாதிரி நகத்தடம் விழுந்தா காஞ்சப்புறமும் போகாது. இரும்பு கிளிப், ஆணி எதுவும் படக்கூடாது, பட்ட இடம் கறுப்பாயிடும், மரக் கிளிப் போடுங்க. கண்ணு குழி பக்கம் தோல் எழும்பி எழும்பி வரும், அரை மணிக்கு ஒரு தடவை வந்து அழுத்திட்டுப் போங்க, முதல் மூணு மணி நேரம் இந்த பொறுமைதான் மாஸ்க்கோட முகமே.

நிழல்ல ரெண்டு நாள் காயட்டும், ஹேர் ட்ரையர் வேணாம். அப்புறம் கழட்டி, கலர் அடிக்கணும்னா இப்போ அடிச்சு காயவச்சு, தோலோட உள்பக்கமும் ஓட்டோட வெளிப்பக்கமும் காண்டாக்ட் சிமெண்ட் பசை தடவி, தொட்டா ஒட்டாத பதம் வந்ததும் மூக்கு நுனியை சரியா பாத்து வச்சு அங்கிருந்து ஒட்டுங்க, ஒரு தடவை பட்டா நகத்த முடியாது. ஓரத்துல 1 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, அதை பின்பக்கம் சீவி மெலிசாக்கி உள்ள மடிச்சு ஒட்டணும், கண் ஓட்டைக்கும் இதேதான். எண்ணெய், வாக்ஸ் எல்லாம் ஒட்டி முடிச்சப்புறம்தான், முன்னாடி தடவினா பசை பிடிக்காது. உள்ள ஸ்பாஞ்சும் மெல்லிய துணியும் ஒட்டி, நெத்திப்பொட்டு உயரத்துல ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு பட்டையை ரிவிட் அடிச்சிடுங்க.