பல் டாக்டர் சீட்டில் எழுதும் எண் எந்தப் பல்? உங்கள் வாயை நீங்களே அடையாளம் காணும் வழி

பல் டாக்டர் தரும் சீட்டில் "36 ஆர்.சி.டி" (வேர் சிகிச்சை) என்றோ "18 எடுக்க வேண்டும்" என்றோ எழுதியிருக்கும். எந்தப் பல்லைச் சொல்கிறார் என்று தெரியாமலே பலர் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள். நம் வாயில் இருக்கும் பல்லை நாமே அடையாளம் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடி, கைபேசி டார்ச், ஒரு தாள், பேனா போதும். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, வாயைக் கொப்பளித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

படி 1: வாயை நான்காகப் பிரியுங்கள்

மூக்குக்கு நேர் கீழே, நடு முன்பற்கள் இரண்டும் சந்திக்கும் இடம்தான் மையக்கோடு. அதை வைத்து மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4 என்று நான்கு பகுதிகள். வலது, இடது என்பது எப்போதும் உங்கள் கைப்பக்கம்தான்.

இப்போது தாளில் பெரிதாக ஒரு கூட்டல் குறி போடுங்கள். டாக்டர் எதிரே நின்று பார்ப்பதுபோல வரைவதே வழக்கம். அதனால் உங்கள் வலது பக்கம் தாளின் இடது பக்கத்தில் வரும். முழு வாயையும் எடுக்கும் ஓ.பி.ஜி எக்ஸ்ரேயும் இப்படித்தான் இருக்கும். படத்தைப் பார்த்து இந்தப் பக்கம் எனக்கு வலியே இல்லையே என்று குழம்புகிறவர்களுக்கு இது தெரிந்தால் போதும்.

படி 2: நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒவ்வொரு பகுதியிலும் முதல் இரண்டு பற்கள் வெட்டுப்பற்கள், விளிம்பு தட்டையாக இருக்கும். மூன்றாவது கூரான கோரைப்பல். நான்கும் ஐந்தும் முன்கடைவாய்ப்பற்கள். ஆறும் ஏழும் அகலமான கடைவாய்ப்பற்கள். எட்டாவது ஞானப்பல். அது சிலருக்கு முளைக்கவே முளைக்காது, சிலருக்குத் தாடை எலும்புக்குள்ளேயே படுத்துக்கிடக்கும். எல்லாம் இருந்தால் நான்கு எட்டு, 32.

பகுதி எண்ணை முன்னாலும் பல் எண்ணைப் பின்னாலும் போடுங்கள். 36 என்றால் கீழ் இடது, ஆறாவது பல். 18 என்றால் மேல் வலது ஞானப்பல். இதை முப்பத்தாறு என்று சொல்வதில்லை, மூன்று-ஆறு என்று தனித்தனியாகத்தான் சொல்வார்கள்.

ஒரு பல்லை ஏற்கெனவே எடுத்திருந்தால் எண்ணிக்கையைச் சுருக்கக் கூடாது. கம்பி போடுவதற்காகப் பலருக்கு நான்காவது பற்களை எடுத்திருப்பார்கள். அவர்களுக்குக் கோரைப்பல்லை அடுத்து நிற்பது ஐந்துதான். எடுத்த பல்லின் இடத்தில் தாளில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். உறை (கேப்) போட்டது, அடைத்தது இருந்தால் அதையும் குறியுங்கள்.

படி 3: வீட்டில் குழந்தை இருந்தால் அதன் வாயையும் பாருங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பால்பற்கள் மொத்தம் 20, பகுதிக்கு ஐந்து. அவற்றின் பகுதி எண்கள் 5 முதல் 8 வரை. ஆகவே 75 என்றால் கீழ் இடது, கடைசிப் பால்பல்.

ஏறக்குறைய ஆறு வயதில் அந்த ஐந்துக்கும் பின்னால் ஆறாவதாக ஒன்று முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல், சத்தமில்லாமல் வருவதால் இதுவும் பால்பல்தான், சொத்தையானாலும் விழுந்து புதிது வரும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது நிரந்தரப் பல். 16, 26, 36, 46 என்ற நான்கும் இப்படி வந்தவைதான். போனால் திரும்ப வராது. மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சாப்பாடு அங்கே எளிதில் தங்கிவிடும். புதிதாக முளைத்ததும் டாக்டரிடம் காட்டினால், தேவைப்பட்டால் பள்ளத்தை மூடும் சீலன்ட் பூசிவிடுவார். குழந்தையின் ஒரு பகுதியில் ஆறு பல் எண்ண முடிந்தால், ஆறாவதைக் கண்போல் காக்க வேண்டும்.

படி 4: ஒரு பல்லின் உள்ளே

வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான், ஆனால் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை எனாமலில் இருக்கும்வரை வலிக்காது. அடுத்த அடுக்கு டென்டின். அதில் நுண்ணிய குழாய்கள் உள்ளன. சொத்தை இதைத் தொடும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் வரும். நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள பல்கூழ். தூங்கவிடாமல் விண்விண்ணென்று தெறிக்கிறதென்றால் பெரும்பாலும் பாதிப்பு இதுவரை போயிருக்கும். ஆர்.சி.டி என்பது இந்தக் கூழை எடுத்து வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது. வலி வந்தபின் போகலாம் என்று காத்திருப்பது ஏன் தாமதம் என்று இப்போது புரியும்.

சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எம், ஓ, டி என்ற எழுத்துகள் இருந்தால் அவை பல்லின் பக்கங்கள். எம் மையக்கோட்டை நோக்கிய பக்கம், டி அதற்கு எதிர்ப்பக்கம், ஓ மெல்லும் பரப்பு.

படி 5: பல்லைச் சுற்றி

நாக்கை மேலே தூக்குங்கள். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு மடிப்பு, அதன் அடியில் இருபக்கமும் இரண்டு சிறு மேடுகள். எச்சில் குழாய்கள் திறக்கும் இடம் அவை. கீழ் முன்பற்களின் பின்புறம் காறை சீக்கிரம் படிவதற்கு, எச்சிலில் உள்ள தாது உப்புகள் அங்கேயே முதலில் சேர்வதுதான் காரணம். பிரஷை அங்கே செங்குத்தாகப் பிடித்துத் தேயுங்கள். மேல் ஏழாவது பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறமும் அப்படி ஒரு சிறு மேடு இருக்கும், அதைக் கட்டி என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஈறு, அண்ணம், உள்நாக்கு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரண்டு ஓரங்கள் எல்லாவற்றையும் டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். தேய்க்கும்போது ஈறில் அடிக்கடி ரத்தம் வந்தால் அது வீக்கத்தின் அறிகுறி. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு எதைக் கண்டாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலை, பாக்கு போடுகிறவர்கள் இதை மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

தாளில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்கு அனுப்பினால் மட்டும் ஒரு கவனம்: அங்கே 1 முதல் 32 வரை தொடர்ச்சியாக எண்ணுவார்கள். நம் 16 அங்கே 3. அங்கே 16 என்பது மேல் இடது ஞானப்பல்.