பத்தாயத்துல கெடக்குற பழசை எடுக்கிறதுக்கு முன்னாடி

கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இப்ப ஊருக்கு ஒரு வரலாறு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. சந்தோஷம்தான். ஆனா கள்ளன் கொண்டுபோனதைவிட நாம ஆசையில கெடுத்தது ஜாஸ்தியோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

வருஷக் கணக்குதான் முதல் கோளாறு. எங்க குரூப்புல ஒரு பையன் அவிய வீட்டு பத்தாயத்துல, அதான் நெல்லு போட்டு வைக்கிற மரப்பெட்டியில, கெடந்த பழைய ஆதாரத்தை (நிலப் பத்திரத்தை) போட்டோ எடுத்து "900 வருஷப் பழசு, சோழர் காலம்"னு போட்டுட்டான், அதுல 1104னு எழுதியிருக்காம், எல்லாரும் கைதட்டல் எமோஜியா போட்டு தள்ளுதாவ. மக்கா, அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு வருஷம்! நம்ம பக்கம் முன்ன திருவாங்கூர் சமஸ்தானம், 1956 நவம்பர் 1-லதான் தமிழ்நாட்டோட சேர்ந்தது, அதுக்கு முந்துன ஏடு, ஆதாரமெல்லாம் பெரும்பாலும் அந்தக் கணக்குதான். ஆவணியில வருஷம் பிறக்கும், அதுலேர்ந்து டிசம்பர் வரைக்கும்னா 824 கூட்டணும், ஜனவரிக்குப் பெறவுன்னா 825, அப்ப 1104ங்கறது 1928-29. குலோத்துங்க சோழன் காலத்துல ஸ்டாம்ப் பேப்பர் ஏதுன்னாவது யோசிச்சிருக்கலாம். பெரியவிய சொல்ற "தொண்ணூத்தொம்பது வெள்ளம்"கூட 1999 இல்ல, கொல்லம் 1099, அதாவது 1924.

அடுத்தது கல்வெட்டு. திருப்பணின்னு வந்தா கம்பி பிரஷ், ஆசிட், மணல் வீசி அடிக்கிற மெஷின்னு எல்லாம் இறங்கிடும், எழுத்தே மேல் தோல்லதான இருக்கு, அதுவும் சேர்ந்து போயிரும். இன்னும் சிலபேரு நல்லா தெரியட்டும்னு எழுத்துக்குள்ள வெள்ளை பெயிண்ட் அடிப்பாவ. நம்ம பக்கம் வட்டெழுத்து, அதான் வளைஞ்சு வளைஞ்சு வர்ற பழைய தமிழ் எழுத்து, நெறைய, அதுல பல எழுத்து ஒண்ணுக்கொண்ணு ஜாடை, பெயிண்ட் அடிச்சவரு எப்படி படிச்சாரோ அதுதான் பெறவு எல்லாருக்கும் பாடம். இருட்டுன பெறவு மொபைல் டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு பிடிச்சு போட்டோ எடுங்க, எழுத்து தானா எந்திரிச்சு நிக்கும். ஈரத்தாளை ஒட்டி தட்டி மை ஒத்தி எடுக்கிற மைப்படி வேலையை பழகினவங்ககிட்ட விட்டுருங்க. அதுக்கு முன்னாடி திருவாங்கூர் தொல்லியல் வரிசைன்னு கல்வெட்டைப் படிச்சு அச்சுல போட்ட புத்தகங்களை ஒரு தடவை பொரட்டிப் பாருங்க, நீங்க "கண்டுபிடிச்ச" கல்லை திருவாங்கூர் தொல்லியல் துறையில இருந்த கோபிநாதராவ் காலத்துலயே படிச்சு அச்சுல போட்டிருக்கலாம்.

கல்லை பேர்த்து வீட்டு முற்றத்துல வைக்கிறது வேற கூத்து. அது நின்ன இடம் போச்சுன்னா பாதி சேதி போச்சு.

மனு போடுறதுலயும் குழப்பம். பத்மநாபபுரம் அரண்மனை நம்ம மாவட்டத்துலதான் இருக்கு, ஆனா பராமரிப்பு கேரள தொல்லியல் துறை. சமணச் சிற்பம் இருக்குற சிதறால் மலை மத்திய தொல்லியல் துறைகிட்ட. திருவாங்கூர் காலத்து சர்க்கார் ரெக்கார்டுக்கு சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு பஸ் ஏறாதீங்க, திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குப் போங்க. தோண்டும்போது பானை, காசு கெடைச்சா கலெக்டருக்குச் சொல்லணும், 1878-லேர்ந்தே சட்டம் இருக்கு, 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே போதும்.

ஓலைச்சுவடின்னா வெயில்ல காயப்போடாதீங்க, தேங்காயெண்ணெய் தடவாதீங்க. மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால தூசி தட்டி துணியில சுத்தி வச்சா போதும், புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) பூசுறதை தெரிஞ்சவங்க பாத்துப்பாங்க. காகிதத்துல செலோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, லாமினேஷன் அதைவிட மோசம், ஒருதடவை சூட்டுல ஒட்டிட்டா பிரிக்க வழியில்ல.

அந்த 1104 பையன் போஸ்டை அன்னைக்கே டிலீட் பண்ணிட்டான். ஆதாரம் எங்கடேன்னு கேட்டா, பத்திரமா இருக்கட்டும்னு லாமினேட் பண்ண கடையில குடுத்திருக்கானாம். கடைக்காரருக்கு போன் போட்டோம், நல்லவேளை அன்னைக்கு கரண்ட் இல்ல.