படம் வருகிறது, சவுண்ட்பார் கேட்கவில்லை: கேபிளா, ரிமோட்டா, செட்டிங்ஸா?

மாலையில் செய்தி பார்க்க உட்கார்ந்து டிவி ரிமோட்டில் ஒலியைக் கூட்டுகிறீர்கள். திரையில் எண் 20, 25, 30 என்று ஏறிக்கொண்டே போகிறது. கீழே இருக்கும் சவுண்ட்பார் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது கடைக்குப் போய்ப் புதிய எச்டிஎம்ஐ கேபிள் வாங்குவதுதான். என் அனுபவத்தில் கேபிள் சந்தேகப் பட்டியலில் மூன்றாவது அல்லது நான்காவது இடத்தில்தான் வரும். அதற்கு முன்னால் பணம் செலவாகாமல் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

ஒரே கேபிளாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்கமான எச்டிஎம்ஐ பிளக்கில் 19 பின்கள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி படத்தையும் ஒலியையும் பெரும் வேகத்தில் கொண்டுபோகும். 13ஆம் பின் மட்டும் தனி ஆள்: ‘நான் இயங்கத் தொடங்கிவிட்டேன்’, ‘ஒலியைக் கூட்டு’, ‘நீயும் அணைந்துவிடு’ என்று சாதனங்கள் தமக்குள் பேசிக்கொள்வது அந்த ஒற்றைக் கம்பியில்தான். இதற்குச் சிஇசி என்று பெயர். அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 400 பிட் மட்டுமே. எல்லாச் சாதனங்களும் அந்தக் கம்பியையே பகிர்ந்துகொள்வதால், ஒன்று தாறுமாறாக நடந்தால் மற்றவையும் குழம்பும். ஆகவே படம் பளிச்சென்று வருகிறது என்பதை வைத்துக் கேபிள் முழுவதும் சரி என்று முடிவுகட்ட முடியாது. ரிமோட் கட்டளை போய்ச் சேரவில்லை என்பதை வைத்துக் கேபிள் கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு தாளில் எது எங்கே சொருகியிருக்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள். செட்டாப் பாக்ஸ் டிவியின் முதல் போர்ட்டில், ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மூன்றாவதில், சவுண்ட்பார் இரண்டாவதில் என்று குறித்தால் போதும். டிவி சுவரில் மாட்டியிருந்தால் போனில் நாலு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கையை விட்டுத் தடவிப் பார்த்துச் சொருகும் பழக்கத்தால் பாழான போர்ட்டுகள் ஏராளம்.

அடுத்ததாகத் திரையைப் பாருங்கள். ஒலி பொத்தானை அழுத்தும்போது டிவி என்ன காட்டுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. திரையில் எதுவுமே தோன்றவில்லை என்றால் ரிமோட்டின் கட்டளை டிவியை எட்டவேயில்லை; கேபிளை மறந்துவிட்டு ரிமோட்டைப் பாருங்கள். எண் ஏறுகிறது, ஒலி டிவியின் சொந்த ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது என்றால், சவுண்ட்பார் இருப்பதையே டிவி அறியவில்லை. அது செட்டிங்ஸ் சிக்கல், அல்லது தவறான போர்ட். சவுண்ட்பாருக்குரிய சின்னம் திரையில் தோன்றியும் ஒலியில் மாற்றம் இல்லை என்றால், இரண்டும் ஒன்றையொன்று அறிந்திருந்தும் கட்டளை நடுவழியில் நின்றுபோகிறது. அப்போதுதான் 13ஆம் பின்னையும் கேபிளையும் சந்தேகிக்க வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் கேபிள்களை மாற்றி மாற்றிச் சொருகுவது, எந்த அறையில் ஃபியூஸ் போயிற்று என்று பாராமல் வீட்டிலுள்ள பல்புகளையெல்லாம் மாற்றுவது போன்றது.

ரிமோட்டைச் சோதிக்க எளிய வழி உண்டு. போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகப் பிடித்து, ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கேமராத் திரையில் வெளிர் ஊதா நிறத்தில் மினுக்கும். சில போன்களின் பின்பக்கக் கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும். அப்போது முன்பக்கக் கேமராவில் பாருங்கள். மினுக்கவில்லை என்றால் முதலில் செல்லை மாற்றுங்கள். செல் உட்காரும் இடத்தில் ஸ்பிரிங் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், புதுச் செல் போட்டும் பயனிராது. உலர்ந்த துணியாலோ பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலோ அதைச் சுரண்டித் துடைத்த பிறகு மறுபடி முயலுங்கள். எந்தப் பொத்தானையும் தொடாமலேயே ஒளி விட்டுவிட்டு மினுக்கினால், ஏதோ ஒரு பொத்தான் உள்ளே சிக்கி அழுந்தியபடியே இருக்கிறது என்று பொருள். காப்பி கொட்டிய ரிமோட்டுகளில் இது சகஜம்.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குகளோடு வரும் ரிமோட் இதில் ஒரு விதிவிலக்கு. அவற்றில் பெரும்பாலானவை மேலே, கீழே, ஓகே போன்ற பொத்தான்களுக்கு புளூடூத்தைப் பயன்படுத்துகின்றன. டிவியை இயக்கவும் ஒலியை மாற்றவும் உள்ள பொத்தான்களுக்கு மட்டும் அகச்சிவப்பையோ சிஇசியையோ நம்புகின்றன. ஆகவே மெனு நன்றாக நகர்கிறது, ஒலி மட்டும் கேட்கவில்லை என்றால் அதிசயமில்லை. ஸ்டிக்கின் செட்டிங்ஸில், ஒலி பொத்தான் எந்தச் சாதனத்தை, எந்த வழியில் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்கும் பகுதி இருக்கும். அங்கே டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் சவுண்ட்பார் வாங்கிவைத்த வாரத்தில், டிவி ரிமோட் திடீரென்று வேலை செய்வதை நிறுத்தியது. எழுந்து நின்று அழுத்தினால் வேலை செய்தது, சோபாவில் உட்கார்ந்து அழுத்தினால் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சிஇசி செட்டிங்ஸைப் புரட்டிப் போட்டேன். அப்பா பக்கத்தில் வந்து, “இது டிவியோட கண்ணை மறைச்சுக்கிட்டு நிக்குதுடா” என்று சவுண்ட்பாரைக் காட்டினார். டிவியின் கீழ் விளிம்பில் ஒரு சிறு கறுப்புச் சதுரம். அதற்கு நேர் முன்னால் சவுண்ட்பாரின் உடம்பு. நான்கு விரல் அளவு முன்னால் இழுத்துச் சற்றுத் தாழ்த்தி வைத்ததும் தீர்ந்தது. ஸ்டாண்டில் உட்காரும் டிவி என்றால் இதை முதல் நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ரிமோட் சரி என்று தெரிந்த பிறகு, மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி தொடங்கும் வேலை. சாதனங்கள் இயங்கத் தொடங்கும்போது சிஇசி கம்பியில் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறது: டிவிக்கு 0, ஒலிச் சாதனத்துக்கு 5 என்பது நிரந்தரம், செட்டாப் பாக்ஸ், பிளேயர் போன்றவை தமக்கென ஒதுக்கிய எண்களில் காலியானதைப் பிடித்துக்கொள்ளும். நம் வீடுகளில் இரவு படுக்கப் போகும்போது சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுவது வழக்கம். போதாக்குறைக்குக் கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெற்று, செட்டாப் பாக்ஸ் மட்டும் ஓரிரு நிமிடம் தாமதமாக வர, இந்த எண் பங்கீடு அவ்வப்போது குழம்பிவிடுகிறது. ரிமோட்டால் அணைப்பது இதற்குப் போதாது. எல்லாப் பிளக்குகளையும் சுவரிலிருந்து கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு, முதலில் டிவியை மட்டும் இயக்குங்கள். அது முழுதாக எழுந்த பிறகு சவுண்ட்பார், அதற்குப் பிறகு செட்டாப் பாக்ஸ், கடைசியாக ஸ்டிக். எனக்குத் தெரிந்த சிக்கல்களில் கணிசமானவை இத்தோடு முடிந்துவிடுகின்றன.

முடியவில்லையென்றால் செட்டிங்ஸுக்குப் போங்கள். சிஇசி என்ற பெயரில் தேடினால் பல டிவிகளில் கிடைக்காது, ஏனென்றால் ஒவ்வொரு நிறுவனமும் அதற்குத் தன் பெயரைச் சூட்டியிருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க். டிவியில் அதை இயக்கினால் மட்டும் போதாது. சவுண்ட்பாரிலும் இயக்க வேண்டும். பிறகு டிவியின் ஒலி செட்டிங்ஸில் வெளியீட்டை டிவி ஸ்பீக்கரிலிருந்து எச்டிஎம்ஐ வழிக்கு மாற்றுங்கள். டிஜிட்டல் ஒலி வடிவம் என்ற இடத்தில் ‘ஆட்டோ’ வைத்து ஒலி வரவில்லை என்றால் ‘பிசிஎம்’ (சுருக்காத எளிய ஒலி வடிவம்) வைத்துப் பாருங்கள். பிசிஎம்மில் வந்துவிட்டால் கேபிள் நலமாகத்தான் இருக்கிறது, சவுண்ட்பாருக்குப் புரியாத வடிவத்தில் டிவி ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது என்று தெரிந்துவிடும்.

போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒலி திரும்பிப் போகும் வசதிக்கு ஏஆர்சி என்று பெயர். 2009இல் எச்டிஎம்ஐ 1.4 பதிப்போடு வந்தது. அதன் விரிவான வடிவமான இஏஆர்சி 2017இல் 2.1 பதிப்போடு வந்தது. பெரும்பாலான டிவிகளில் இது ஒரே ஒரு போர்ட்டில்தான் இருக்கும். போர்ட்டின் அருகில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். வேறு போர்ட்டில் சொருகினால் சவுண்ட்பாரிலிருந்து ஒரு முணுமுணுப்பும் வராது. சவுண்ட்பாரின் பக்கத்திலும் இரண்டு போர்ட்டுகள் இருந்தால், உள்வாங்கும் போர்ட்டை விட்டுவிட்டு டிவிக்குப் போகும் போர்ட்டில்தான் சொருக வேண்டும். ஆப்டிகல் கேபிள் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: அதன் வழியே ஒலி மட்டுமே, அதுவும் ஒரு திசையில் மட்டுமே போகும். டிவி ரிமோட்டின் ஒலிக் கட்டளை பொதுவாக அந்த ஒளி இழையில் ஏறாது. பெரும்பாலும் சவுண்ட்பாரின் ரிமோட்டைத்தான் எடுத்தாக வேண்டும். டிவிப் பக்க முனையைச் சொருகியபடியே விட்டு, மறுமுனையைக் கழற்றிப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், புதுக் கேபிளின் முனையில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள்.

இப்போதுதான் கேபிள். வாங்குவதற்கு முன், செட்டாப் பாக்ஸுக்குப் போகும் கேபிளைக் கழற்றிச் சவுண்ட்பாருக்குப் போட்டுப் பாருங்கள். பழுது கேபிளோடு இடம் மாறினால் கேபிள்தான் குற்றவாளி. மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் படத்துக்கான கம்பிகள் நன்றாக இருந்தும், 13ஆம் பின்னுக்கோ, ஏஆர்சி பயன்படுத்தும் 14ஆம் பின்னுக்கோ போகும் கம்பி ஒழுங்காக இணைந்திருப்பதில்லை. மாறாக, திரையில் வெள்ளைப் புள்ளிகள் பொரிவதும் நொடிக்கணக்கில் திரை இருண்டு மீள்வதும் படத்துக்கான கம்பிகள் தளர்ந்ததன் அடையாளம். வாங்கும்போது அட்டையில் பதிப்பு எண்ணைத் தேடாதீர்கள்; கேபிளுக்கு அப்படி ஓர் எண் அதிகாரபூர்வமாகக் கிடையாது. பிரீமியம் ஹை ஸ்பீடு என்றால் நொடிக்கு 18 கிகாபிட், அல்ட்ரா ஹை ஸ்பீடு என்றால் 48 கிகாபிட்; வீட்டில் 4கே படம் பார்க்க முதலாவதே தாராளம். நீளத்தை மட்டும் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். இரண்டு மீட்டர் போதுமான இடத்தில் பத்து மீட்டர் கேபிளைச் சுருட்டி வைப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட பழைய ஏவி கேபிள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மஞ்சள் படம், வெள்ளை இடப்பக்க ஒலி, சிவப்பு வலப்பக்க ஒலி. மறுமுனை ஹெட்போன் பிளக்கைப் போல ஒற்றையாக இருந்தால் கவனம் தேவை: அதிலுள்ள நான்கு வளையங்களின் வரிசை கேபிளுக்குக் கேபிள் மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் கேட்டால் மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்தப் பெட்டிக்கென்றே தந்த கேபிளைத் தேடி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு: யாரும் தொடாமலேயே டிவி இயங்கத் தொடங்குவது, படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்புட் தானாக வேறு போர்ட்டுக்குத் தாவுவது. சிஇசி வழியாக ஏதோ ஒரு பெட்டி ‘என்னைப் பார்’ என்று கூவுகிறது. டிவியில் சிஇசியை ஒட்டுமொத்தமாக அணைத்தால் சவுண்ட்பாரின் ஒலிக் கட்டுப்பாடும் கூடவே போய்விடும். அதனால் ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றி, தொல்லை எதனால் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பெட்டியின் செட்டிங்ஸில் மட்டும் அதை அணையுங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. இரண்டு முனைப் பிளக் உள்ள சாதனங்களில் எர்த் இணைப்பு இல்லாததால், அவற்றின் உலோகப் பகுதியில் மெல்லிய கசிவு மின்சாரம் தேங்கியிருக்கும். கேபிள் முனையைத் தொடும்போது விரலில் சுருக்கென்று உணர்வது அதுதான். எல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும்போது கேபிளைச் சொருகினால் அந்தக் கசிவு போர்ட்டின் வழியே பாய்ந்து உள்ளிருக்கும் சிப்பைச் சுட்டுவிடக்கூடும். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே எச்டிஎம்ஐயைத் தொடுங்கள். இடி மின்னலின்போது சுவர்ப் பிளக்கோடு மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒரு போர்ட் அப்படிப் போய்விட்டது, மற்ற போர்ட்டுகளில் படம் ஒழுங்காக வருகிறது என்றால், டிவியின் சர்க்யூட் போர்டையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் உடனே தலையாட்ட வேண்டாம். செட்டாப் பாக்ஸை அடுத்த போர்ட்டுக்கு மாற்றிக்கொண்டு, போனது ஏஆர்சி போர்ட் என்றால் சவுண்ட்பாரை ஆப்டிகல் கேபிளில் இணைத்து, அதன் ரிமோட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, அந்த டிவியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.