சாத்தே குச்சியில் கிரேக்கச் சுவ்லாகி

சுவ்லாகி என்றால் கறித்துண்டுகளைக் குச்சியில் கோத்துச் சுடுவது, நம்மூர் சாத்தே மாதிரி. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் எலும்பில்லாத கோழித் தொடைக்கறி ஒரு கிலோ வாங்குங்கள், நெஞ்சுக்கறி வேண்டாம், சீக்கிரம் வறண்டுவிடும். ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, ஒரு எலுமிச்சையின் சாறு, தட்டிய பூண்டு, உப்பு, மிளகு, அப்புறம் காய்ந்த ஓரிகானோவை உள்ளங்கையில் கசக்கிப் போட்டுப் பிரட்டி, குளிர்சாதனப் பெட்டியில் 2 மணி நேரம் வைத்தால் போதும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் எலுமிச்சைப் புளிப்பில் கறி கொழகொழத்துவிடும், ஒருமுறை பட்டிருக்கிறேன். சாத்தே குச்சிகளை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுவிடுங்கள், கருகாது. துண்டுபோட்ட கறியை அவற்றில் கோத்துக்கொள்ளுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் கரி அடுப்புக்கு எங்கே போவது? கனமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, ஓரம் லேசாகக் கறுத்து உள்ளே முழுக்க வேகும்வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். மசாலாத்தூள் போடக் கை துறுதுறுக்கும், சரி, இன்று ஒருநாள் வேண்டாம். தொட்டுக்கொள்ள, கெட்டித் தயிரில் துருவிப் பிழிந்த வெள்ளரிக்காயும் கொஞ்சம் பூண்டும்.