இங்கிலாந்து பென்சனுக்கு மலேசியாவில் வரி உண்டா? படிப்படியாகப் பார்ப்போம்

தோட்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போன அக்காமார்கள் பலர் இப்போது ஓய்வு பெற்று சுங்கை சிப்புட் பக்கமே வந்துவிட்டார்கள். அங்கிருந்து வரும் பென்சனுக்கு இங்கே வரி கட்ட வேண்டுமா என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது.

படி 1: நாள்களை எண்ணுங்கள்.
ஒரு காலண்டர் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ மலேசியாவில் இருந்தால், வரிக் கணக்கில் நீங்கள் இந்நாட்டு வாசி. கையில் சிவப்பு பாஸ்போர்ட்டா நீலமா என்று யாரும் பார்ப்பதில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க அடிக்கடி பறப்பவர்கள் விமான டிக்கெட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 2: எந்த பென்சன் என்று பிரித்துப் பாருங்கள்.
ஸ்டேட் பென்சன், அதாவது இங்கிலாந்து அரசு தரும் பொது முதியோர் பென்சன், வரி பிடிக்காமல் முழுசாக வரும். மருத்துவமனையோ கம்பெனியோ தரும் பென்சனில் அங்கேயே வரி கழிந்திருக்கலாம். எவ்வளவு வந்தது, எவ்வளவு கழிந்தது என்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும் பி60 தாளில் இருக்கும். அரசுப் பணி பென்சனுக்குத் தனி விதி என்பதால் அதை மற்றதோடு கலக்க வேண்டாம். (மலேசியாவில் குடியிருப்பவர்களின் ஸ்டேட் பென்சனை ஆண்டுதோறும் ஏற்றுவதில்லை. அது வரிப் பிரச்சினை இல்லை. ஆனால் வயிறு எரியத்தான் செய்யும்.)

படி 3: இங்குள்ள விலக்கைப் புரிந்துகொள்ளுங்கள்.
வெளிநாட்டு வருமானத்தை இங்கே கொண்டுவந்தால் வரி என்ற மாற்றம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் தனிநபர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். முதலில் 2026 வரை என்றார்கள். 2025 பட்ஜெட்டில் அதை 2036 டிசம்பர் 31 வரை நீட்டிவிட்டார்கள். நிபந்தனை இதுதான்: அந்த வருமானம் புறப்பட்ட நாட்டில் வருமான வரிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பி60, பென்சன் கடிதம், பேங்க் ஸ்டேட்மெண்ட் மூன்றும் உங்கள் சாட்சிகள்.

படி 4: இரட்டை வரி ஒப்பந்தத்தில் அவசரப்படாதீர்கள்.
ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்திலும் வரி விழாமல் பார்த்துக்கொள்ள இங்கிலாந்துக்கும் மலேசியாவுக்கும் ஒப்பந்தம் உண்டு. தனியார் வேலை பென்சன் என்றால், வரி போடும் உரிமை பொதுவாக நீங்கள் குடியிருக்கும் நாட்டுக்கே. இதைக் கேட்டதும் மலேசிய வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளத்தில் வசிப்பிடச் சான்றிதழ் எடுத்து, இங்கிலாந்துப் பிடித்தத்தை நிறுத்திவிடலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அங்கே வரியை நிறுத்திவிட்டால், படி 3-இல் சொன்ன நிபந்தனை என்னவாகும்? விண்ணப்பிக்கும் முன் ஈப்போவில் உள்ள வரி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: தேதிகளைக் கோத்து வையுங்கள்.
இங்கிலாந்தின் வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி ஏப்ரல் 5-இல் முடிகிறது. நமக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே ஒரே பி60 நம்முடைய இரண்டு ஆண்டுகளில் கால் வைத்திருக்கும். எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். வீட்டு வாடகை மாதிரி வேறு வருமானம் இருந்து கணக்கு காட்டுபவர்கள் பிஇ பாரத்தை (வருமான வரிக் கணக்குப் படிவம்) ஏப்ரல் 30-க்குள் அனுப்ப வேண்டும். அப்புறம், காகிதங்களை ஏழு வருஷம் வைத்திருங்கள்.