கிங்ஸ் குவெஸ்ட் 5 ஆடுறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ரங்கூன்ல கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும், அதனால கேம சேவ் பண்ற பழக்கம் நம்ம பசங்களுக்கு நல்லாவே இருக்கு. ஆனா ஒரே சேவ் மேலயே திரும்பத் திரும்ப சேவ் பண்றாங்க பாருங்க, இந்த கேமுக்கு அது சுத்தமா ஆகாது.

1990ல சியேரா கம்பெனி விட்டது, ரோபர்ட்டா வில்லியம்ஸ் டிசைன் பண்ணது. முந்தின நாலு பாகத்துலயும் கட்டளைய டைப் அடிக்கணும், இதுல மவுஸ் க்ளிக் போதும், அதனால ஈஸின்னு நினைச்சுடுவாங்க. ராஜா கிரஹாமோட கோட்டையையே குடும்பத்தோட தூக்கிட்டுப் போன மந்திரவாதி மோர்டாக்க தேடிப் போறதுதான் கதை. வழியில பொசுக்கு பொசுக்குன்னு செத்துப் போவீங்க, அது பரவால்ல, உடனே தெரிஞ்சுடும். சாகாம விட்டுட்டு ரொம்ப தூரம் நடக்கவிட்டு அப்புறமா மாட்டிவிடும் பாருங்க, பழைய சேவ் இல்லன்னா திரும்பிப் போக வழியில்ல, அங்கதான் வயிறு எரியும்.

பேக்கரி வாசல்ல ஒரு பூனை எலியத் துரத்திட்டு ஓடும், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும், வேடிக்கை பாக்காம பாலைவனத்துல எலும்புக்கூடு பக்கத்துல எடுத்த பழைய பூட்ஸ பூனை மேல வீசிடணும். பின்னாடி சத்திரத்துல உங்கள கட்டி நிலவறையில போடுவாங்க, அந்த எலிதான் வந்து கயிறக் கடிச்சு விடும். எலி பொழைக்கலன்னா நீங்களும் பொழைக்க மாட்டீங்க. அறுந்த கயிறையும் விட்டுட்டு வராதீங்க, மலையில வேணும்.

அடுத்தது சாப்பாடு. பனிமலையில கிரஹாமுக்குப் பசி வந்ததும் கையில இருக்கற கஸ்டர்ட் பை (pie) பலகாரத்த குடுத்துடாதீங்க, அது பனிமனுஷன் மூஞ்சில அடிக்கறதுக்கு. சத்திரத்துல எடுத்த ஆட்டுக்கால குடுங்க, பாதிதான் தின்பாரு, மிச்சத்த அங்க பட்டினியா கிடக்கற கழுகுக்குப் போடணும். மறுபடி அவருக்கே ஊட்டினீங்கன்னா ராட்சசப் பறவைக் கூட்டுல மாட்டும்போது காப்பாத்த அந்தக் கழுகு வராது. கூட ஒரு ஆந்தை வருது, செட்ரிக், அறிவுரை சொல்ல மட்டும் முதல் ஆளா வந்து நிக்கும், ஆபத்துன்னா வெளியவே நின்னுக்கும். அந்த ராட்சசப் பறவைக் கூட்டுல ஒரு தங்க லாக்கெட் கிடக்கும், எடுத்துக்கங்க.

பாலைவனத்துல தண்ணி இருக்கற எடத்த ஒரு பேப்பர்ல வரைஞ்சு வெச்சுக்கங்க, கண்டபடி நடந்தா நாலைஞ்சு ஸ்க்ரீன்ல ஆள் காலி.

கடைசியா மோர்டாக் கோட்டை. சமையல்கட்டுல வேலை செய்யற கஸிமாகிட்ட அந்த லாக்கெட்ட குடுத்து சிநேகம் பிடிச்சுட்டு, வேணும்னே ஒருதடவை பிடிபடுங்க, ஏன்னா சுவத்து ஓட்டைக்குள்ள இருக்கற சீஸ் ஜெயில்ல மட்டும்தான் கிடைக்கும். தூண்டில் முள்ளால இழுங்க. அவ வந்து திறந்து விடுவா, ரெண்டாவது தடவை மாட்டினா வர மாட்டா. சீஸ் இல்லாம மந்திரக்கோலுக்கு சக்தி ஏத்தற மெஷின் ஓடாது, அதனால கோட்டைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு சேவ், பிடிபடறதுக்கு முன்னாடி வேற பேர்ல இன்னொரு சேவ்.