படத்தை டிவிடியா மாத்தும்போது கிளாரிட்டி போகாம இருக்க என்ன பண்ணணும்

டிவிடில போட்டா படம் கட்டம் கட்டமா உடையுது, சண்டை சீன்ல முகமே கலங்குதுன்னு சொல்லி நிறைய பேர் சாஃப்ட்வேரை மாத்தி மாத்திப் பாக்குறாங்க. பெரும்பாலும் தப்பு சாஃப்ட்வேர்ல இல்லங்க, ஒரே டிஸ்க்ல அளவுக்கு மீறி நேரத்தைத் திணிக்கிறதுலதான் இருக்கு.

சாதாரண டிவிடி 4.7 ஜிபி, அதுல எவ்வளவு நேரம் படம் போடுறீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் ஒரு செகண்டுக்கு பிட் (படத்தோட டேட்டா) கெடைக்கும், அந்த பிட்ரேட்தான் கிளாரிட்டி. கணக்கு ரொம்ப சுலபம், 3 கோடியே 60 லட்சத்தை படத்தோட மொத்த செகண்டால வகுங்க, வர்றதுதான் கேபிபிஎஸ், அதாவது செகண்டுக்கு எத்தனை கிலோபிட்ங்கிற கணக்கு (ஓரத்துல கொஞ்சம் எடம் விட்டுத்தான் இந்த நம்பர்). 2 மணி நேரப் படம்னா 7200 செகண்ட், 5000 வரும், ஆடியோவுக்கு ஏசி3-ல (டிவிடில வர்ற டால்பி ஆடியோ ஃபார்மேட்) 192 கழிச்சா படத்துக்கு 4800, இது நல்லாவே இருக்கும். 3 மணி நேரம்னா 3100 சொச்சம், டூ பாஸ் (படத்தை ரெண்டு தடவை ஓட்டிச் சுருக்குறது, கீழ சொல்லியிருக்கேன்) போட்டா சமாளிக்கலாம். ரெண்டு படத்தைச் சேத்து 5 மணி நேரம் போட்டீங்கன்னா 1800தான் மிஞ்சும், அதுல 720க்கு 576 பிக்ஸல்னு முழு சைஸ் வெச்சா கண்டிப்பா உடையும். அப்படியும் போட்டே ஆகணும்னா சைஸை 352க்கு 576ன்னு பாதியாக்குங்க, டிவிடி ஸ்டாண்டர்டுல அதுவும் உண்டு, கொஞ்சம் மங்கலா இருக்கும் ஆனா கட்டம் அவ்வளவா தெரியாது. என்னைக் கேட்டா ஒரு டிஸ்க்குக்கு ஒரு படம், நீளமான படம்னா 8.5 ஜிபி டூயல் லேயர் டிஸ்க், அவ்வளவுதான். சின்னப் படம்னாலும் 9800க்கு மேல வீடியோ பிட்ரேட் வைக்கக் கூடாது, டிவிடியோட லிமிட்டே அதான், லிமிட்டை ஒட்டி வெச்சாலும் சில ப்ளேயர் திக்கும், அதனால மேக்ஸிமம் 8000ல நிறுத்திக்கோங்க.

என்கோட் பண்ணும்போது, அதாவது படத்தை டிவிடி ஃபார்மேட்டுக்குச் சுருக்கும்போது, டூ பாஸ் விபிஆர் (சீனுக்கு ஏத்த மாதிரி பிட்ரேட் ஏறி எறங்குற முறை) கட்டாயம் எடுங்க. மொத பாஸ்ல எந்த சீன் கஷ்டம், எது சும்மா பேசிக்கிட்டு நிக்கிற சீன்னு கணக்கெடுத்துக்கும், ரெண்டாவது பாஸ்ல அதுக்கேத்த மாதிரி பிட்டைப் பிரிச்சுக் குடுக்கும். நேரம் ஆகத்தான் செய்யும், பரவால்ல.

சோர்ஸ் ஃபைலை மீடியாஇன்ஃபோல (ஃபைலோட பிட்ரேட், சைஸ் எல்லாம் காட்டுற சாஃப்ட்வேர்) போட்டு மொதல்ல பாத்துடுங்க. ஏற்கனவே நசுங்கின 700 எம்பி ஃபைல்ல இருந்து என்ன பண்ணாலும் புதுசா டீட்டெயில் வராது, ஷார்ப்பன் போட்டா இருக்குற கட்டம்தான் இன்னும் பளிச்சுன்னு தெரியும். புள்ளி புள்ளியா நாய்ஸ் இருந்தா லேசா டீநாய்ஸ் போடுங்க, ஏன்னா என்கோடருக்கு நாய்ஸும் படம்தான், பாதி பிட்டை அதுக்கே செலவு பண்ணிடும்.

அடுத்து நிறைய பேர் கோட்டை விடுறது ஆஸ்பெக்ட் ரேஷியோ, அதாவது படத்தோட அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். உயரத்தை விட 2.35 மடங்கு அகலமான அகலத்திரை படத்தை 4:3ன்னு போட்டா 576 லைன்ல சுமார் 327 லைன்தான் படம், மத்ததெல்லாம் கறுப்புப் பட்டை. அதே 2.35 படத்தை 16:9ன்னு போட்டா 436 லைன் கெடைக்கும், ஒரு பைசா செலவில்லாம கிளாரிட்டி கூடுது பாருங்க.

ஃபிரேம் ரேட்டும் அப்படித்தான், செகண்டுக்கு 23.976 ஃபிரேம்ல இருக்குற படத்தை பால் சிஸ்டத்துக்கு (நம்ம ஊர் டிவி முறை) 25ஆ மாத்தறப்போ சாஃப்ட்வேர் ஃபிரேமை கலந்து விட்டுச்சுன்னா கேமரா திரும்புற எடமெல்லாம் நிழலடிக்கும். கலக்க விடாம 4 சதவீதம் வேகத்தைக் கூட்டுங்க, ஆடியோவையும் அதே அளவு கூட்டணும், இல்லன்னா உதடு ஒத்துப் போகாது. இல்லாட்டி என்டிஎஸ்சில (அமெரிக்க டிவி முறை) 720க்கு 480 வெச்சு புல்டவுன் (ஃபிரேமைக் கலக்காம, திரும்பத் திரும்பக் காட்டி எண்ணிக்கையைக் கூட்டுறது) குடுத்துடுங்க. ஹெச்டி சோர்ஸ்னா கலர் மேட்ரிக்ஸை (கலரைக் கணக்குப் போடுற முறை) ஹெச்டிக்கான 709ல இருந்து டிவிடிக்கான 601க்கு மாத்திட்டாங்களான்னும் பாருங்க, மாத்தலன்னா பச்சை, சிவப்பு எல்லாம் லேசா வேற மாதிரி தெரியும்.

பர்ன் பண்ற ஸ்பீடுக்கும் கிளாரிட்டிக்கும் சம்பந்தமே இல்ல, டிஸ்க் சரியா எழுதலன்னா திக்கும், அவ்வளவுதான். எழுதினது சரியான்னு பாக்குற வெரிஃபை மட்டும் ஆன் பண்ணி வைங்க.

முழுப் படத்தையும் ஓட விடுறதுக்கு முன்னாடி மழை, கூட்டம், இருட்டு, சண்டைன்னு கஷ்டமான ஒரு 2 நிமிஷத்தை மட்டும் வெட்டி, கணக்குல வந்த அதே பிட்ரேட்ல என்கோட் பண்ணி, அழிச்சு எழுதுற ஆர்டபிள்யூ டிஸ்க்ல போட்டு டிவில பாருங்க, கம்ப்யூட்டர் மானிட்டர்ல இல்ல. முழுப் படத்துல டூ பாஸ் ஓடும்போது அந்த சீனுக்கு இதை விட கூடவே பிட் கெடைக்கும், அதனால இதுலயே பாக்குற மாதிரி இருந்துச்சுன்னா தைரியமா முழுசையும் விட்டுடலாம்.